ஆசிரியர்களுக்கு இணையவழி மென்ட்டராகப் போகலாம் என்றிருக்கிறேன், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

நிரல்சோதகன் எழுதியது:

வணக்கம். நான் மென்பொருள் சோதனைத் துறையில் இருக்கிறேன். வகுப்பறைக்கும் எனக்கும் உள்ள உறவு மாணவனாக இருந்ததோடு சரி. ஆசிரியர்களின் டிஜிட்டல் திறனை வளர்க்க இணையம் வழியாக மென்ட்டர்களை, அதாவது கூட இருந்து வழிகாட்டுகிறவர்களை, தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெயர் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். வாரம் ஒரு மணி நேரம், ஆளுக்கு இரண்டு ஆசிரியர்கள், ஒரு பருவம் முழுக்க. சம்பளம் எதுவும் இல்லை, அதில் எனக்குப் பிரச்சினையும் இல்லை. விண்ணப்பத்தில் "உங்களுக்குத் தெரிந்த செயலிகளை டிக் செய்யவும்" என்று ஒரு நீளப் பட்டியல் இருக்கிறது, பாதிக்கு மேல் தெரியும், மீதியை ஒரு வார இறுதியில் பழகிக்கொள்ளலாம். ஆனால் செயலி தெரிந்தால் மட்டும் போதுமா என்பதுதான் சந்தேகம்.

வரப்போகிறவர்கள் பெரும்பாலும் என்னைவிட மூத்தவர்களாக இருப்பார்கள். வருடக்கணக்கில் பாடம் நடத்துகிறவரிடம் போய் நான் என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறேன்? முதல் சந்திப்பில் எதைப் பேசுவது, எங்கிருந்து ஆரம்பிப்பது? அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்த பழக்கம் உண்டு. அது இங்கே கைகொடுக்குமா, இல்லை கெடுக்குமா? "இதை மட்டும் செய்துவிடாதே" என்று ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

---

திரைப்பகிர்வு எழுதியது:

தாராளமாகப் போங்கள். நான் சில பருவங்களாக இதைச் செய்துகொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்தச் செயலிப் பட்டியலை மறந்துவிடுங்கள், உண்மையாகவே. முதல் சந்திப்பில் எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அடுத்த வாரம் என்ன பாடம் நடத்தப் போகிறீர்கள், எந்த வேலை உங்கள் நேரத்தை அதிகம் தின்கிறது, கையில் இருப்பது மடிக்கணினியா போனா, வகுப்பில் இணையம் வருமா, பள்ளியில் எதற்கெல்லாம் அனுமதி இருக்கிறது, இவ்வளவுதான் கேள்வி. அப்புறம் அவர்களையே திரையைப் பகிரச் சொல்லி, வழக்கமாகச் செய்யும் ஒரு வேலையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். போன வருட வினாத்தாளைத் தேடி எடுப்பது மாதிரி சாதாரணமான ஒன்று. அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்வது எந்த விண்ணப்பப் படிவத்திலும் இருக்காது. கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வாட்ஸ்அப் குழுவில் விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டே போவார்கள். பதிவிறக்கக் கோப்புறையில் "வினாத்தாள் கடைசி", "வினாத்தாள் கடைசி புதியது" என்று வரிசையாக இருக்கும். நீங்கள் ஏதோ ஊடாடும் வீடியோ செய்யக் கற்றுக்கொடுக்கலாம் என்று தயாராகி வந்திருப்பீர்கள், அவருக்குத் தேவை கோப்புக்கு ஒழுங்காகப் பெயர் வைக்கும் பழக்கம்.

பிறகு ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள், அவருடைய வேலை, உங்களுக்குப் பிடித்த வேலை அல்ல. பெரும்பாலும் அது திருத்தும் வேலையாக இருக்கும். கூகுள் ஃபார்மை செட்டிங்ஸில் க்விஸாக மாற்றி, கேள்விக்கு விடையும் மதிப்பெண்ணும் கொடுத்துவிட்டால் அதுவே திருத்திவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பதில்கள் வந்து சேர்ந்த பிறகு, அதிகம் பேர் தவறவிட்ட கேள்விகள் எவை என்று சுருக்கத்தில் தனியாகக் காட்டும், பாருங்கள், அந்த இடத்தில்தான் ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார். "ஓ, இதை நாளைக்கு மறுபடி நடத்தணும்" என்று அவர் வாயிலிருந்தே வரும். அதை நீங்கள் சொல்லக் கூடாது.

இன்னொரு சின்ன விஷயம், இதில் நிறைய பேர் மாட்டுவார்கள். சிறுவிடைக் கேள்வி என்றால் ஃபார்ம் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். விடை "ஒளிச்சேர்க்கை" என்று வைத்திருப்பீர்கள், பிள்ளை நடுவில் ஒரு இடைவெளி விட்டு "ஒளிச் சேர்க்கை" என்று அடித்திருக்கும், பூஜ்யம் விழும். அதனால் வரக்கூடிய எழுத்து வடிவங்களை எல்லாம் சரியான விடைகளாகச் சேர்க்கச் சொல்லுங்கள், "மற்ற பதில்கள் அனைத்தும் தவறு" என்ற பெட்டியை டிக் செய்யாமல் விட்டு மீதியை அவரே கண்ணால் பார்க்கட்டும். முதல் தேர்விலேயே சரியாக எழுதிய பிள்ளைக்குப் பூஜ்யம் போனால் அந்த ஆசிரியர் மறுபடி அந்தப் பக்கமே வரமாட்டார், வரவும் வேண்டியதில்லை.

நீங்கள் கேட்ட "செய்யாதே" பட்டியலில் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது: அவர் கையிலிருந்து மவுஸை வாங்காதீர்கள். ஜூமில் ரிமோட் கன்ட்ரோல் கேட்கும் வசதி இருக்கிறது, கை துறுதுறுக்கும், கேட்காதீர்கள். "மேலே வலது பக்கம் மூன்று புள்ளி இருக்கிறதா, அதை அமுக்குங்கள்" என்று சொல்லிவிட்டு உங்கள் மைக்கை அணைத்துவிடுங்கள். அவர் தேடட்டும். நாம் இரண்டு நொடியில் பார்த்துவிடுவதை அவர் அரை நிமிடம் தேடுவார், அந்த அரை நிமிடத்தைத் தாங்கிக்கொள்ள முடிந்தவருக்குத்தான் இந்த வேலை சரிப்படும். அலுவலகப் பயிற்சியில் வேகம் முக்கியம், புதியவர் சீக்கிரம் வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே அந்த அவசரம் ஆகாது.

---

சாக்பீஸ் எழுதியது:

நான் மறுபக்கம் உட்கார்ந்தவள். ஆசிரியை, அறிவியல். எனக்கு வெவ்வேறு சமயத்தில் இரண்டு மென்ட்டர்கள் அமைந்தார்கள்.

முதலில் வந்தவர் நல்ல மனிதர், குறை சொல்ல மனசு வரவில்லை, ஆனால் ஒவ்வொரு சந்திப்பும் முடிந்ததும் பத்துப் பதினைந்து லிங்க் அனுப்பிவிடுவார். "நேரம் கிடைக்கும்போது பாருங்க மேடம்." எங்கே கிடைக்கிறது? விடைத்தாள் கட்டு, பதிவேடு, பெற்றோர் போன், அதற்கு நடுவில் வீடும் இருக்கிறது. அந்த லிங்க்குகள் எல்லாம் பார்க்காமல் விட்ட கடன் மாதிரி மனசில் சேர்ந்துகொண்டே போயின. அடுத்த சந்திப்புக்கு வரவே கூச்சமாக இருந்தது. இரண்டாவது வந்த பெண் வயதில் சின்னவள், "டீச்சர், இந்த வாரம் என்ன பாடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். மின்சுற்று என்றேன். ஃபெட் தளத்தில் சுற்று கட்டும் சிமுலேஷனைக் காட்டினாள், கொலராடோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் இலவசமாகத் தருவது. வகுப்பில் இணையம் வராது என்றதும், அதைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும் என்று சொல்லி என்னையே இறக்க வைத்தாள். எனக்கு அது போதும். தொடர் இணைப்பில் ஒரு பல்பைக் கழற்றினால் மற்றதும் அணைவதைப் பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்தார்கள், அந்த இடத்தில் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது என் வேலை, அதில் அவள் தலையிடவே இல்லை. நிரல்சோதகன் தம்பி, நீங்கள் "என்ன சொல்லிவிடப் போகிறேன்" என்று கேட்டதற்குப் பதில் இதுதான். பாடம் எங்களுக்குத் தெரியும். பிள்ளைகளையும் தெரியும். பொத்தான் எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது.

இன்னும் சில விஷயம், ஒழுங்கில்லாமல் எழுதுகிறேன். பலர் போனில்தான் எல்லாமே செய்கிறோம். நீங்கள் மடிக்கணினியில் காட்டுவீர்கள், எங்கள் திரையில் அந்த மெனு வேறெங்கோ இருக்கும். அதனால் அவர் கையில் என்ன கருவி இருக்கிறதோ அதையே நீங்களும் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். "ரொம்ப ஈஸி மேடம்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், ஈஸியானதே வரவில்லை என்றால் நான் என்னவென்று நினைத்துக்கொள்வது? ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் வேண்டாம். குழுவாகப் பத்துப் பேரை உட்கார வைத்து நடத்தும் கூட்டத்தில் யாரும் வாய் திறக்கமாட்டோம், தலைமையாசிரியர் இருந்தால் கேட்கவே வேண்டாம். தனியாக இருக்கும்போதுதான் "காப்பி பேஸ்ட் எப்படிப் பண்றது" என்று கேட்க முடியும், அதைக் கேட்க முடிகிற இடமாக அந்த ஒரு மணி நேரம் இருந்தாலே பெரிய விஷயம்.

---

கடைசி_பெஞ்ச் எழுதியது:

எல்லாரும் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாகப் பேசிக்கொள்கிறேன். இது ஆசிரியர்களுக்குச் சம்பளத்தோடு, வேலை நேரத்தில் கொடுக்க வேண்டிய பயிற்சி. அதைக் கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்காமல் இருக்க, ஒரு பக்கம் ஆசிரியர் தன் மாலை நேரத்தை இழக்கிறார், இன்னொரு பக்கம் உங்களை மாதிரி ஆட்கள் சும்மா உழைக்கிறார்கள். கடைசியில் அறிக்கையில் "இத்தனை ஆசிரியர்களுக்குப் பயிற்சி" என்று யாரோ எழுதிக்கொள்வார்கள். போவதற்கு முன் ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள்: அந்த ஒரு மணி நேரம் ஆசிரியரின் பணி நேரத்துக்குள் வருமா?

ரெண்டாவது, செயலி செயலி என்று ஓடுகிறவர்களுக்கு. ஜாம்போர்டு, கூகுளின் அந்த இணைய வெள்ளைப்பலகை, ஞாபகம் இருக்கிறதா? எத்தனை பயிற்சியில் அதைத் தூக்கிப் பிடித்தார்கள். 2024 இறுதியில் கூகுள் அதை மூடிவிட்டது. வீடியோ பதில்களுக்கு என்று ஃப்ளிப் இருந்தது, அதே வருடம் மைக்ரோசாஃப்ட் அந்தத் தனிச் செயலியையும் தளத்தையும் நிறுத்திவிட்டது. அதையெல்லாம் மெனு மெனுவாக மனப்பாடம் செய்த ஆசிரியருக்கு இப்போது கையில் என்ன மிச்சம்? ஒரு செயலியைக் காட்டும் அன்றைக்கே, இதில் செய்ததை வெளியே எடுப்பது எப்படி என்றும் காட்டிவிடுங்கள். பிடிஎஃப் ஆகவோ, எக்செல் கோப்பாகவோ, எதுவாக வேண்டுமானாலும். வெளியே எடுக்க வழியே இல்லாத செயலி என்றால் அதில் ஆசிரியரின் உழைப்பைக் கொட்டவிடாதீர்கள்.

---

வாரநாள்_மென்ட்டர் எழுதியது:

கடைசி_பெஞ்ச் சொல்வதில் முதல் பகுதி நியாயம், ஆனாலும் அது சரியாகும்வரை எதிரில் உட்கார்ந்திருக்கும் டீச்சரைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. போராட வேண்டியவர்கள் போராடட்டும், நாமும் கூடச் சேரலாம், அந்த ஒரு மணி நேரமும் நடக்கட்டும்.

யாரும் தொடாத ஒரு பக்கத்தைச் சொல்கிறேன், கடவுச்சொல்லும் மாணவர் விவரமும். உங்களை நம்பிவிட்டால் ஆசிரியர்கள் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவார்கள். "ஓடிபி வந்திருக்கு சார், அனுப்பட்டுமா, நீங்களே போட்டுடுங்க" என்று மிகச் சாதாரணமாகக் கேட்பார்கள். வாங்கவே வாங்காதீர்கள். கோபமாக இல்லாமல், "யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது டீச்சர், நான் கேட்டாலும்" என்று சொல்லிவிட்டு, அவரையே உள்ளிடச் சொல்லுங்கள், அவர் அடிக்கும்போது திரைப் பகிர்வை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த ஒரு நிமிடம் தனிப் பாடம். அன்றைக்கே இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட வைத்துவிடலாம்.

அதே போல் மதிப்பெண் பட்டியல். பெயர், பிறந்த தேதி, பெற்றோர் எண் எல்லாம் ஒரே ஷீட்டில் இருக்கும், "லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்" என்று திறந்துவிட்டுப் பெரிய குழுவில் போட்டிருப்பார்கள். உங்கள் சந்திப்பில் அந்த ஷீட் திரைக்கு வந்தால், முதலில் பெயர்களுக்குப் பதில் எண்கள் போட்ட ஒரு பிரதியை உண்டாக்கி அதில் பழகச் சொல்லுங்கள். சந்திப்பைப் பதிவு செய்வதாக இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், பிள்ளைகளின் விவரம் திரையில் இருக்கும்போது செய்யவே செய்யாதீர்கள்.

ஏஐ பற்றிக் கட்டாயம் கேட்பார்கள், இப்போது அதுதான் முதல் கேள்வியாகவே வருகிறது. வினாத்தாள் தயாரிக்க, பாடக்குறிப்பு எழுத என்று ஆசிரியர் தனக்குப் பயன்படுத்துவது ஒன்று, பிள்ளைகள் கையில் கொடுப்பது வேறு. சாட்ஜிபிடியின் விதிப்படி 13 வயதுக்குக் கீழே கூடாது, 18 ஆகும்வரை பெற்றோர் அனுமதி வேண்டும். ஆசிரியருக்கு நான் செய்யச் சொல்வது: நன்றாகத் தெரிந்த ஒரு பாடத்தில் பத்து வினாக்கள் கேட்டு வாங்கி, அவரே விடைத்தாள் மாதிரி சிவப்பு மையில் திருத்தட்டும். தமிழில் கேட்டால் வாக்கியம் அழகாக இருக்கும், நடுவே கலைச்சொல் பாடநூலில் இல்லாததாக இருக்கும், சில சமயம் விடையே தப்பாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும்போது வரும் சந்தோஷம் தனி. எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று நாம் உபதேசம் செய்ய வேண்டியதே இருக்காது.

---

பாடத்திட்டப்_பைத்தியம் எழுதியது:

பெயருக்கு ஏற்ற மாதிரி சட்டகங்களைப் பற்றித்தான், அதாவது ஆசிரியருக்கு என்னென்ன அறிவும் திறனும் வேண்டும் என்று வகைபிரித்துக் காட்டும் அமைப்புகளைப் பற்றித்தான், எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். "செயலி தெரிந்தால் போதுமா" என்ற கேள்விக்குப் பெரிய இடங்களிலேயே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். மிஷ்ரா, கோலர் என்ற இரண்டு கல்வி ஆய்வாளர்கள் 2006-இல் டிபேக் (TPACK) என்று ஒன்றை முன்வைத்தார்கள்: பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு, மூன்றும் சேரும் இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. உங்களிடம் மூன்றாவது மட்டும் இருக்கிறது, டீச்சரிடம் முதல் இரண்டும் இருக்கின்றன. சாக்பீஸ் மேடம் மின்சுற்றுக் கதையில் சொன்னதும் அதுவேதான். யுனெஸ்கோவின் ஆசிரியர் ஐசிடி (தகவல் தொடர்புத் தொழில்நுட்ப) திறன் சட்டகம், 2018-இல் வந்த மூன்றாவது பதிப்பு, 18 திறன்களை ஆறு அம்சங்களாகவும் மூன்று நிலைகளாகவும் பிரிக்கிறது. ஐரோப்பிய ஆணையத்தின் டிஜ்காம்ப்எட்யூ (DigCompEdu), ஆசிரியர்களின் டிஜிட்டல் திறனுக்கான சட்டகம், 2017-இல் வந்தது, 22 திறன்கள், மொழித்தேர்வுகளில் வருகிற மாதிரி ஏ1 முதல் சி2 வரை நிலைகள்.

இதைப் படித்துவிட்டுப் போங்கள், ஆனால் ஆசிரியரிடம் அந்த அட்டவணையை நீட்டாதீர்கள். எதற்குப் பயன்படும் என்றால், ஒரே விஷயத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறோமா என்று நமக்கு நாமே பார்த்துக்கொள்ள. நான் பார்த்தவரையில் மென்ட்டர்கள் எல்லாரும் பாடப்பொருள் தயாரிப்பதிலேயே நின்றுவிடுகிறார்கள், பிபிடி, வீடியோ, போஸ்டர். மதிப்பீடு, மற்ற ஆசிரியர்களோடு பகிர்வது, மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கு வேறு மாதிரி கொடுப்பது, இந்தப் பக்கமெல்லாம் வெறுமையாகவே கிடக்கும்.

அப்புறம் தமிழ் ஆசிரியர்கள் வந்தால் ஒன்றுக்குத் தயாராக இருங்கள். வருடக்கணக்கில் சேர்த்த வினாத்தாள்கள் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் இருக்கும். அதை ஃபார்மில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும், "என் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு" என்று பதறுவார்கள். எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் வாசித்துப் பார்க்க வேண்டும். இந்த ஒரு வேலையை முடித்துக் கொடுத்தால் அவருடைய பல வருட உழைப்பு மறுபடி பயன்பாட்டுக்கு வந்துவிடும். பழைய பெட்டகம் திறந்த மாதிரி இருந்தது என்று ஒரு தமிழாசிரியர் எழுதியிருந்தார்.

---

நிரல்சோதகன் எழுதியது:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. மவுஸ் விஷயம் நன்றாக உறைத்தது, நான் கட்டாயம் பிடுங்கியிருப்பேன். பணி நேரம் பற்றி ஒருங்கிணைப்பாளரிடம் கேட்கிறேன்.

இரண்டு சந்தேகம் மட்டும். ஒன்று, ஆசிரியர் தொடர்ந்து வராமல் இருந்தால் என்ன செய்வது, விடாமல் கூப்பிடுவதா, விட்டுவிடுவதா? இரண்டு, பருவம் முடிந்த பிறகும் "சார் இது வரலை, அது வரலை" என்று போன் வந்துகொண்டே இருக்குமா? அப்படியானால் எப்போது நிறுத்துவது?

---

சாக்பீஸ் எழுதியது:

முதல் கேள்விக்கு நானே சொல்கிறேன். வராமல் இருந்தால் பாதி நேரம் காரணம் தேர்வு, திருத்தல், தேர்தல் வேலை மாதிரி ஏதாவது இருக்கும். மீதிப் பாதி, போன தடவை கொடுத்த வேலையைச் செய்யவில்லை, அதான் முகம் காட்டக் கூச்சம். "செய்யாவிட்டால் பரவாயில்லை டீச்சர், சேர்ந்தே செய்துவிடலாம், அரை மணி நேரம் போதும்" என்று ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்கள். வருவார்கள். அதற்கும் வரவில்லை என்றால் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட்டு வேறு ஆசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள், மனஸ்தாபம் எதுவும் இல்லை. பள்ளியின் தேர்வு அட்டவணையை முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை வராது.

---

திரைப்பகிர்வு எழுதியது:

இரண்டாவதுக்கு: போன் எண்ணைக் கொடுக்காதீர்கள், அமைப்பு கொடுத்த குழுவிலேயே பேசுங்கள். அங்கே கேட்கும் கேள்விக்கு உங்களுக்கு முன்னால் இன்னொரு ஆசிரியர் பதில் சொல்லிவிட வாய்ப்பு உண்டு, சொல்லட்டும் என்று கொஞ்சம் தாமதமாகவே பாருங்கள்.

நிறுத்தும் நேரத்துக்கு என் அளவுகோல் ஒன்று உண்டு. கடைசி இரண்டு மூன்று வாரத்தில் அவர் கற்றதைப் பள்ளியில் இன்னொருவருக்குக் காட்டச் சொல்வேன், நான் இல்லாமல். எங்கே தடுமாறினார் என்பதை அடுத்த சந்திப்பில் அவரே சொல்வார், அதை மட்டும் சரிசெய்வோம். அதற்குமேல் வருகிற கேள்விகள் பெரும்பாலும் கூகுள் சேமிப்பு நிரம்பிவிட்டது வகையறா. ஜிமெயில், போட்டோஸ், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த இலவச 15 ஜிபி, நிரம்பினால் மின்னஞ்சலே வராது. வாட்ஸ்அப் பேக்அப்பும் அதில்தான் போய் உட்காருகிறது. காலி செய்வது எப்படி என்று ஒருதடவை அவர் கையாலேயே செய்ய வைத்துவிடுங்கள், பாதி போன் அழைப்புகள் நின்றுவிடும்.